வைரஸ் மாத்திரையும் ரத்தச் சோகையும்

(பண்ணை ஒலிபரப்பில் குமாரபாளையம் வட்டார விவசாயிகளுக்காக மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



மரவள்ளியில் தேமல் விழுந்தால் நீங்கள் என்ன செய்கிறீர்கள்? செடியைப் பிடுங்கி எறிகிறீர்கள். வெள்ளை ஈக்கு மருந்து அடிக்கிறீர்கள். அடுத்த பட்டத்துக்கு நோயில்லாத கரணையாகப் பார்த்து நடுகிறீர்கள். செடிக்குள்ளே புகுந்துவிட்ட வைரஸைக் கொல்லுகிற மருந்து எந்தக் கடையிலும் கிடையாது என்பது உங்களுக்கே தெரியும். மனுசனைப் பிடுங்கி எறிய முடியாதுங்களே! அதனால் மனுசனுக்குள்ளே இருக்கிற வைரஸை அடக்க மருந்து கண்டுபிடித்தார்கள். எச்.ஐ.வி.க்கு இருக்கிறது. ஈரலைக் கெடுக்கிற சி வகைக் காமாலை வைரஸுக்கு இருக்கிறது. இந்த மாத்திரைகளால் பிழைத்து, இன்றைக்கும் காடு தோட்டம் பார்த்துக்கொண்டு இருக்கிறவர்கள் நம் பக்கத்திலேயே ஏராளம்.

ஆனால் இதில் சில மாத்திரைகளுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. ரத்தத்தைக் குறைக்கும். எல்லோருக்கும் அல்ல, சிலருக்கு. அந்தச் சிலர் யார் என்பதை மாத்திரை தொடங்கும் முன்னாலேயே பெரும்பாலும் சொல்லிவிடலாம். அதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன்.

நம்ம நாமக்கல் சீமையில் இந்தப் பேச்சு ஏன் என்று சிலர் நினைக்கலாம். நாமக்கல் லாரி, சங்ககிரி லாரி, திருச்செங்கோட்டு ரிக் வண்டி என்று நம் ஆட்கள் வடநாட்டுக்குப் போய் மாசக்கணக்கில் தங்கிப் பிழைக்கிறார்கள். அந்த வழியில் எச்.ஐ.வி. இந்தப் பக்கம் முன்கூட்டியே வந்துவிட்டது. இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் இந்த நோயைப் பற்றி எங்கே பேசினாலும் நாமக்கல் பெயர் வராமல் இருக்காது. ஓட்டுநரோடு நின்றதா? வீட்டுக்கு வந்தது. ஒரு தப்பும் செய்யாத பெண்களுக்கு வந்தது. தறிக்குப் போகிறவர்கள், களை வெட்டப் போகிறவர்கள் என்று எத்தனையோ பேர். யார் மேலும் குற்றம் சொல்ல நான் வரவில்லை. வந்த நோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் ரத்தத்தை எப்படிக் காப்பாற்றிக்கொள்வது என்பதுதான் விஷயம்.

2004 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து மத்திய அரசு இந்த மாத்திரையை இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தது. முதலில் நாட்டில் எட்டே எட்டு ஆஸ்பத்திரியில்தான். தமிழ்நாட்டில் தாம்பரம் நெஞ்சக நோய் ஆஸ்பத்திரி. பிறகு நாமக்கல், சேலம், ஈரோடு என்று நம் பக்கத்திலும் மையங்கள் வந்தன. அப்போது கொடுத்த கூட்டு மாத்திரையில் முக்கியமான ஒன்று ஜிடோவுடின். நல்ல மருந்து, விலையும் கட்டுப்படியாகும். ரத்தத்தைக் குறைக்கிற குணமும் இதற்குத்தான் அதிகம்.

நான் வேலை பார்த்த ஒரு இடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். ஊர், பேர் சொல்ல மாட்டேன். 2008ஆம் வருஷம். குமாரபாளையத்துக்குப் பக்கத்து கிராமத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். புருஷன் லாரி ஓட்டி, இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. இரண்டு பிள்ளைகள். எடை 38 கிலோ. ஹீமோகுளோபின் 8.6. நோயை எதிர்க்கிற சி.டி.4 அணுக்கள் நூறுக்கும் கீழே. ஹீமோகுளோபின் 8க்கு மேல் இருந்தால் ஜிடோவுடின் தொடங்கலாம் என்பது அப்போதைய விதி. விதிப்படி தொடங்கினோம். பதினைந்து நாள் கழித்து ரத்தம் பார்க்க வரச் சொன்னோம். "வர்றேனுங்க" என்று தலையாட்டிவிட்டுப் போனாள்.

வரவில்லை. அது களையெடுப்புக் காலம். ஒரு நாள் ஆஸ்பத்திரிக்கு வந்தால் ஒரு நாள் கூலி போச்சு, பஸ் காசும் போச்சு. நாங்களும் தேடவில்லை. அந்தப் பக்கத்தில் இருந்த யாரையாவது விட்டுக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அது எங்கள் தப்பு.

ஏழாவது வாரம் அவளை ஆட்டோவில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நாக்கு, உள்ளங்கை, கண்ணிமையின் உட்புறம் எல்லாம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. நாலு வார்த்தை பேசினால் மேல்மூச்சு வாங்கியது. ஹீமோகுளோபின் 4.2. இடையில் நடந்தது என்ன என்று விசாரித்தேன். மாத்திரை ஆரம்பித்து ஒரு மாசத்தில் புல்லுக்கட்டு தூக்கினால் படபடப்பு வந்திருக்கிறது. மாமியார் பாவம், நல்ல மனுசிதான். சத்து இல்லை என்று சுவரொட்டி வாங்கி வதக்கிக் கொடுத்திருக்கிறாள். கேட்கவில்லை. பக்கத்து ஊரில் கூட்டிப்போய் இரண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றியிருக்கிறாள். அதற்கும் கேட்கவில்லை. கடைசியில் இந்தப் பெண் தானாகவே பத்து நாள் மாத்திரையை நிறுத்தியிருக்கிறாள்.

"ஏம்மா, பாட்டில் ஏத்தினாரே டாக்டர், அவர்கிட்ட இந்த மாத்திரை சாப்பிடறேன்னு சொல்லலியா?" என்று கேட்டேன்.

"எப்படிங்க சொல்றது? பக்கத்துலயே அத்தை நின்னுட்டு இருந்தாங்க."

அதற்கு என்னிடம் பதில் இல்லை. இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றி, ஜிடோவுடினை எடுத்துவிட்டு வேறு மருந்து மாற்றிக் கொடுத்தோம். ரத்தம் ஊற மூன்று மாசம் ஆனது. பிழைத்துக்கொண்டாள்.

இந்தப் பெண்ணுக்கு ஏன் இப்படி ஆனது? அவளோடு அதே மாசம் தொடங்கிய வேறு பலருக்கு ஏன் ஆகவில்லை?

ரத்தம் எங்கே உண்டாகிறது தெரியுமா? எலும்புக்குள்ளே இருக்கிற மஜ்ஜையில். அதை ஒரு நாற்றங்கால் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஒரு விநாடிக்கு ஏறத்தாழ இருபது லட்சம் சிவப்பு அணுக்கள் முளைத்து ரத்தத்துக்கு வருகின்றன. ஒவ்வொரு அணுவுக்கும் ஆயுசு 120 நாள், ஒரு போக நெல் மாதிரி. வைரஸ் தன்னைப் போலவே இன்னொன்று செய்வதற்குச் செங்கல் அடுக்குவது போல அடுக்குகிறது. ஜிடோவுடின் போலிச் செங்கல். அதை எடுத்து வைத்துவிட்டால் மேலே கட்ட முடியாது, வைரஸ் நின்றுவிடும். ஆனால் அதே செங்கல் நம் மஜ்ஜைக்கும் வேண்டும். வேகமாகப் பெருகுகிற இடமல்லவா? அங்கேயும் கொஞ்சம் போலிச் செங்கல் கலந்துவிடுகிறது. களைக்கொல்லி அடிக்கும்போது பயிர் மேலும் கொஞ்சம் படுகிறதே, அந்த மாதிரி. நன்றாக வேர் பிடித்த பயிர் தாங்கும். நோஞ்சான் பயிர் கருகிப் போகும்.

நாற்றங்காலில் சேதம் நடந்தால் உடனே வயலில் தெரியாது. பழைய பயிர் நிற்கிறது, புது நாற்று வரவில்லை. அதனால்தான் இந்தச் சோகை மாத்திரை தொடங்கிய மறுநாள் தெரியாமல், நாலு வாரத்திலிருந்து மூன்று மாசத்துக்குள் பெரும்பாலும் தலைகாட்டுகிறது. சிலருக்கு இன்னும் தாமதமாகவும் வரும். இரும்புச் சத்து டானிக் மட்டும் குடித்து இது ஏன் தேறுவதில்லை என்பதும் இதனால்தான். நாற்றங்காலில் விதையே முளைக்காதபோது வயலில் யூரியா போட்டு என்ன பிரயோசனம்?

இந்த மருந்தை முதன்முதலாக 282 பேருக்குச் சோதித்த கணக்கு 1987இல் அமெரிக்காவில் வெளியானது. மருந்து சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 24 பேருக்கு ஹீமோகுளோபின் 7.5க்குக் கீழே இறங்கியது. மருந்தில்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 4 பேருக்குத்தான். அப்போது ஒரு நாளைக்கு 1500 மில்லிகிராம் கொடுத்தார்கள். பிற்பாடு 600 மில்லிகிராமே போதும் என்று தெரிந்து குறைத்துவிட்டார்கள், அதோடு சோகையும் குறைந்தது. ஆனால் அந்தக் கணக்கில் இன்னொரு பாடமும் இருந்தது. யாருக்கு ரத்தம் அதிகமாகக் கெட்டது? தொடங்கும்போதே சோகையாக இருந்தவர்களுக்கு. சி.டி.4 மிகக் குறைந்து நோய் முற்றியிருந்தவர்களுக்கு. வெள்ளை அணு குறைந்தவர்களுக்கு. பி12 என்கிற வைட்டமின் குறைந்தவர்களுக்கு.

நான் சொன்ன பெண்ணை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தொடங்கும்போதே சோகை, நோயும் முற்றிய நிலை. போதாததற்கு எடை 38 கிலோ. எழுபது கிலோ ஆணுக்கும் அவளுக்கும் அதே 300 மில்லிகிராம் மாத்திரைதான், காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. உடம்பு சின்னதானால் மருந்து அதிகமாகிறது. பெண்களுக்கு மாசாமாசம் ரத்தப் போக்கும் உண்டு. அவளுக்கு வேறு கிருமிகள் தொற்றாமல் இருக்கக் கோட்ரைமாக்சசோல் மாத்திரையும் கொடுத்திருந்தோம். அவசியமான மாத்திரைதான். ஆனால் அதுவும் மஜ்ஜையைக் கொஞ்சம் அழுத்தும். சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கும், கூடவே காச நோய் இருக்கிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை வேண்டும். ஒவ்வொன்றும் தனியாக வந்தால் உடம்பு சமாளிக்கும். ஐந்தும் ஒருத்தி தலையில் விழுந்தால் எப்படித் தாங்கும்?

தொடங்கும்போதே சோகை என்றேன். இதுதான் நம் ஊரில் பெரிய விஷயம். 2019 முதல் 2021 வரை எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 வயது முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்குச் சோகை இருக்கிறது. பாதிக்கு மேலே! ஆணுக்கு 13, பெண்ணுக்கு 12, கர்ப்பிணிக்கு 11 கிராம் ஹீமோகுளோபின் இருக்க வேண்டும். நம் பெண்கள் 9லும் 10லும் நடமாடிக்கொண்டு, அதையே சாதாரணம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். மேட்டூர் கிழக்குக் கரை வாய்க்கால் பாய்கிற ஈரக் காட்டில் வெறுங்காலோடு நடந்தால் கொக்கிப் புழு கால் வழியாக ஏறுகிறது. குடலில் தொங்கிக்கொண்டு ரத்தத்தை உறிஞ்சுகிறது. தறிப் பட்டறையில் வேளைக்கு வேளை டீ. சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்கிற டீ, சோற்றில் இருக்கிற இரும்புச் சத்தை உடம்பில் சேர விடாது. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்களேன், டீ எங்கே ஓடிப்போகிறது?

பி12 பற்றியும் ஒரு வார்த்தை. இது அரிசியிலும் கீரையிலும் கிடைக்காது. பால், தயிர், முட்டை, மீன், கறியில்தான் இருக்கிறது. நாடெல்லாம் முட்டை அனுப்புகிற மாவட்டத்தில் இருந்துகொண்டு, வீட்டுப் பெண்ணுக்கு வாரத்துக்கு ஒரு முட்டை கிடைக்காமல் போவதை நான் பல வீட்டில் பார்த்திருக்கிறேன். கம்பு, முருங்கைக்கீரை, நெல்லிக்காய் எல்லாம் நல்லது. சுவரொட்டியும் நல்லதுதான், இரும்புச் சத்து இருக்கிறது. ஆனால் மாத்திரையால் வந்த சோகையைச் சுவரொட்டி தீர்க்காது.

இனி சி வகைக் காமாலை. இது சாதாரண மஞ்சள் காமாலை மாதிரி வந்து போவதில்லை. சத்தமில்லாமல் வருஷக்கணக்கில் ஈரலை அரித்துவிடும். சுத்தம் செய்யாத ஊசியாலும், சோதிக்காத ரத்தத்தாலும் பரவுகிறது. ஊசி போட்டால்தான் வைத்தியம் என்கிற நம் பழக்கத்துக்கு இதில் பங்கு உண்டு. முன்னெல்லாம் இதற்கு இன்டர்பெரான் ஊசியும் ரிபாவிரின் மாத்திரையும் ஆறு மாசம், ஒரு வருஷம் என்று கொடுத்தார்கள். இப்போது சோபோஸ்புவிர் முதலான புது மாத்திரைகள் வந்து, பெரும்பாலோருக்குப் பன்னிரண்டு வாரத்தில் முடிந்துவிடுகிறது. 2018 ஜூலை 28ஆம் தேதி தொடங்கிய தேசியத் திட்டத்தில் இவை இலவசம். புது மாத்திரைகளில் சோகைப் பயம் இல்லை. ஆனால் ஈரல் சுருங்கி, வயிற்றில் நீர் கோத்த நிலைக்குப் போனவர்களுக்கு இன்றைக்கும் ரிபாவிரினைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள்.

ரிபாவிரின் செய்கிற சேதம் வேறு மாதிரி. இது நாற்றங்காலுக்குப் போவதில்லை. வயலில் நிற்கிற பயிரையே சாய்க்கும். அதாவது ஓடிக்கொண்டிருக்கிற சிவப்பு அணுவுக்குள்ளேயே சேர்ந்து, 120 நாள் இருக்க வேண்டியதைச் சீக்கிரமே உடைத்துவிடுகிறது. அதனால் சோகை முதல் ஒன்றிரண்டு வாரத்திலேயே தெரியும். வயசானவர்கள், பெண்கள், சிறுநீரகம் பழுதானவர்கள், ஏற்கெனவே ரத்தம் குறைந்தவர்கள், ஈரல் சுருங்கியவர்கள் கவனமாக இருக்க வேண்டும். இருதய நோய் இருக்கிறவர்கள் டாக்டரிடம் அதைக் கட்டாயம் சொல்லிவிடுங்கள். ரத்தம் திடீரென்று குறைந்தால் மாரடைப்பு வரக்கூடும். ஹீமோகுளோபின் 10க்குக் கீழே வந்தால் டாக்டர் அளவைக் குறைப்பார், இன்னும் இறங்கினால் நிறுத்துவார். இன்னொன்று, ரிபாவிரின் சாப்பிடுகிறவர் ஆணானாலும் பெண்ணானாலும், சாப்பிடும்போதும் முடிந்து ஆறு மாசம் வரையிலும் அந்த வீட்டில் கர்ப்பம் தரிக்கக் கூடாது. சிசுவுக்குக் கெடுதல். ஜிடோவுடினும் ரிபாவிரினும் ஒருவருக்கே சேர்த்துக் கொடுப்பது ஆகாது. எச்.ஐ.வி. மாத்திரை சாப்பிடுகிறவருக்குக் காமாலை வைத்தியம் பார்க்கிற டாக்டர் வேறொருவராக இருந்தால், இரண்டு பேருக்கும் இரண்டு மருந்தும் தெரிய வேண்டும்.

சரி, இப்போது எச்.ஐ.வி.க்கு என்ன கொடுக்கிறார்கள்? 2020 முதல் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு டெனோபோவிர், லாமிவுடின், டோலுடெகிராவிர் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை, நாளைக்கு ஒரு தடவை. மஜ்ஜையைத் தொடுகிற தொந்தரவு இதில் இல்லை. சிறுநீரகத்தை மட்டும் அவ்வப்போது பார்க்க வேண்டும். ஜிடோவுடினில் இருந்த பழைய ஆட்கள் பலரையும் இதற்கு மாற்றிவிட்டார்கள். ஆனாலும் ஜிடோவுடின் அடியோடு போய்விடவில்லை. முதல் வரிசை மருந்துக்கு வைரஸ் அடங்காமல் போனால் இரண்டாம் வரிசையில் வருகிறது. எச்.ஐ.வி. உள்ள தாய்க்குப் பிறந்த சில சிசுக்களுக்குச் சொட்டு மருந்தாகவும் கொடுக்கிறார்கள். அந்தக் குழந்தை வெளுத்துப்போனாலோ, பால் குடிக்க இளைத்தாலோ ரத்தம் பார்க்கச் சொல்லுங்கள்.

மண்ணைச் சோதிக்காமல் உரம் போடாதே என்று இந்த நிகழ்ச்சியில் எத்தனை தடவை கேட்டிருப்பீர்கள்! இதுவும் அப்படித்தான். இப்போதைய விதிப்படி ஹீமோகுளோபின் 9க்குக் கீழே இருந்தால் ஜிடோவுடின் தொடங்குவதில்லை. தொடங்கினால் பதினைந்தாம் நாள் ஒரு சோதனை, முதல் மூன்று மாசம் மாசத்துக்கு ஒன்று, அப்புறம் ஆறு மாசத்துக்கு ஒன்று. அந்தப் பதினைந்தாம் நாளைத் தவற விடாதீர்கள். கூலி போகிறதே என்று பார்த்தால், நான் சொன்ன பெண்ணுக்கு எத்தனை நாள் கூலி போனது என்று எண்ணிப் பாருங்கள். அவளை விட்டு நாங்கள் பாடம் படித்தோம். அப்புறம் பதினைந்தாம் நாள் வராதவர்கள் பெயரைத் தனியாக எழுதி வைத்து ஆள் விட்டோம்.

மாத்திரை சாப்பிடுகிறவருக்கு மேடு ஏறினால் மூச்சு வாங்குகிறதா, நெஞ்சு படபடக்கிறதா, எழுந்தால் கிறுகிறுக்கிறதா, கால் வீங்குகிறதா? கீழிமையை இழுத்துக் கண்ணாடியில் பாருங்கள். சிவப்பாக இல்லாமல் வெளுத்திருந்தால் அடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே மையத்துக்குப் போங்கள். ஆனால் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். பாதி மருந்து அடித்தால் காய்ப்புழு என்ன ஆகிறது? செத்தது போக மிச்சம், அந்த மருந்துக்கே மசியாத புழுவாகி வருகிறது. வைரஸும் அப்படித்தான். நிறுத்தி நிறுத்திச் சாப்பிட்டால் அதே மருந்து அப்புறம் வேலை செய்யாது. மாற்ற வேண்டியது டாக்டர் வேலை. மாற்று மருந்து இருக்கிறது.

புது மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குச் சோகை வந்தால், மாத்திரையால் என்று முடிவு கட்டாதீர்கள். புழு, மூலம், அதிக உதிரப் போக்கு, காச நோய் என்று வேறு காரணம் இருக்கும். அதைத் தேடச் சொல்லுங்கள்.

வேறு டாக்டரிடம் போகும்போது மையத்தில் கொடுத்த புத்தகத்தைக் கையில் கொண்டுபோங்கள். பக்கத்தில் ஆள் இருந்தால் வாய் திறக்க வேண்டாம், புத்தகத்தை நீட்டினால் போதும். உங்கள் சம்மதம் இல்லாமல் உங்கள் நோயை வெளியே சொல்வது 2017ஆம் வருஷச் சட்டப்படி குற்றம். அந்தச் சட்டம் 2018 செப்டம்பரிலிருந்து அமலில் இருக்கிறது. நேரில் கேட்கக் கூச்சமாக இருந்தால் 1097 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள், காசு கிடையாது, பேர் சொல்ல வேண்டியதில்லை. அரசு ஆஸ்பத்திரியில் நம்பிக்கை மையம் என்று எழுதியிருக்கும் அறையிலும் கேட்கலாம்.

அந்தப் பெண்ணின் மாமியாருக்குக் கடைசியில் விஷயம் தெரிந்தது. நாங்கள் சொல்லவில்லை, அவளே சொன்னாள். அப்புறம் ஒவ்வொரு சோதனைக்கும் கூட வந்தது அந்த மாமியார்தான். "ரத்தம் எத்தனைங்க இருக்குது?" என்று முதலில் கேட்பதும் அவர்தான்.